அனத்தியயனமும் அன்னமும்



நம் ஆலயங்களில் கார்த்திகைத் திருநாள் தொடங்கிச் சில வாரங்கள் திவ்யப் பிரபந்தம் சேவிக்கப்பெறுவதில்லை. அதனை அனத்தியயன காலம் என்பர் பெரியோர். ஓதுதலுக்கு ஓய்வு என்பது அச்சொல்லின் பொருள். வேத பாடசாலைகளிலும் பிரதமை, அட்டமி முதலிய திதிகளில் புதுப்பாடம் கிடையாது. ஆகவே விடுமுறை என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்து இறக்கிய புதுச் சரக்கு என்று எண்ணவேண்டா. கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அனத்தியயன காலத்தில் பிரபந்த கோஷ்டி நிற்கிறது, தளிகை நிற்பதில்லை. பிரபந்தம் ஒலித்த இடமும் வெறுமையாக விடப்படுவதில்லை. உபதேச ரத்தினமாலை போன்றவற்றை அந்த இடத்தில் சேவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. குருகுலத்தில் அட்டமியன்று பாடம் கிடையாது என்பதற்காக, பிள்ளைகளுக்கு அன்று சோறும் கிடையாது என்று எந்த ஆசாரியரும் அடுப்பை அணைத்ததாக நாம் கேட்டதில்லை. ஓதல் வேறு, உண்டி வேறு. இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. அதைப் பற்றித்தான் இம்மலரில் சில சொல்ல விழைகிறேன்.

ஏப்ரல் இறுதியில் நம் பள்ளிகள் மூடப்பெறுகின்றன. சூன் மாதத்தில் மீண்டும் திறக்கின்றன. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளையும் சனி, ஞாயிறுகளையும் பண்டிகை நாட்களையும் கூட்டிப் பார்த்தால், ஆண்டின் 365 நாட்களில் பள்ளி நடைபெறுவன ஏறத்தாழ 210 அல்லது 220 நாட்களே. எஞ்சிய நூற்று நாற்பத்தைந்து நாட்களுக்கு மேல் பள்ளிக் கதவு பூட்டியே கிடக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அவை பாட்டி ஊருக்குப் போகும் நாட்கள். ஆனால் பள்ளிச் சத்துணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, வகுப்பறையோடு சமையற்கூடமும் சேர்ந்து பூட்டப்படுகின்ற நாட்கள்.

தமிழ்நாடு இந்தத் துறையில் பெருமைப்படத்தக்க வரலாறு உடையது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முற்பட்டது. 1956-இல் காமராசர் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஏற்படுத்தினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. வெளி மாநிலத்தார் வந்து பார்த்துச் செல்லும் பணி இது. உச்ச நீதிமன்றம் 2001-இல் சமைத்த உணவை ஆண்டில் 200 நாட்களுக்குக் குறையாமல் வழங்கவேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஆணையிட்டபோது, தமிழகத்திற்கு அது புதுச்செய்தியாக இல்லை.

2013-இல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒருவேளை உணவு இலவசமாகக் கிடைப்பதை உரிமையாக்கியது. உரிமையாக்கிய அதே வாக்கியத்தில், பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்றும் ஒரு தொடரைச் சேர்த்தது. சட்டம் எழுதியோரைக் குறைகூற அடியேன் முற்படவில்லை. பள்ளி வழியே உணவு தருவதாயின், பள்ளி இல்லாத நாளில் எப்படித் தருவது என்பது நிர்வாகியின் நியாயமான வினாவே. ஆனால் ஆறு வயது நிறையாத குழந்தைக்கு அங்கன்வாடியில் ஆண்டுக்கு 300 நாட்கள் ஊட்டம் தரவேண்டும் என்பது விதி. அதே குழந்தை முதல் வகுப்பில் காலடி வைத்ததும் அதன் பங்கு எண்பது, தொண்ணூறு நாட்கள் குறைந்துவிடுகிறது. வயது கூடினால் பசி குறையும் என்று எந்த வைத்திய நூலும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. விடுமுறையிலும் சமைக்க முடியும் என்பதை அவ்வாணை ஒப்புக்கொண்டது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோதும், அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீட்டுக்கெனக் கொடுக்கப்பட்டன. வகுப்பு நடவாவிட்டாலும் உணவு போய்ச்சேர வழியுண்டு என்பது அப்போதும் தெரிந்தது. ஒரு வட்டத்தை வறட்சிப் பகுதி என்று அறிவிக்க ஆட்சியாளர் இருக்கின்றனர். ஒரு வீட்டை வறட்சி வீடு என்று அறிவிக்க எவர் இருக்கின்றனர்?

நம் சாத்திரங்கள் கருமங்களை நித்தியம், நைமித்திகம் எனப் பிரிக்கும். நாள்தோறும் தவறாது செய்யவேண்டுவது நித்தியம். ஒரு காரணம் பற்றி ஒரு காலத்தில் செய்வது நைமித்திகம். திருவிழா நைமித்திகம். மூலவருக்கு நடக்கும் அன்றாடத் திருவாராதனம் நித்தியம். கருட சேவைக் கூட்டத்தில் ஊரே வீதியில் நிற்கும்போதும், உள்ளே மூலவருக்கு உச்சிகாலத் தளிகை நிறுத்தப்படுவதில்லை. நைமித்திகம் எத்துணைச் சிறப்புடையதாயினும் நித்தியத்தை விலக்காது. அப்படியாயின், பசித்த பிள்ளைக்குச் சோறிடல் எந்த வகையைச் சேர்ந்தது? நாம் அதனைப் பெரும்பாலும் நைமித்திகமாகவே வைத்திருக்கிறோம். பிறந்தநாள், நினைவுநாள், மகன் தேர்வில் வென்ற நாள் ஆகியவற்றுக்கு அன்னதானம் செய்கிறோம். பசியோ நித்திய வகையைச் சேர்ந்தது. அது நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிள்ளைக்குச் சோறிட வேண்டியவர் பெற்றோர் அல்லரோ? ஊரார் ஏன் அதில் தலையிடவேண்டும்? அவர்களைச் சோம்பேறிகளாக்குவதன்றோ இது? திண்ணையில் அமர்ந்து இவ்வாறு கேட்போரை அடியேன் பலகாலம் கண்டிருக்கிறேன். சில காலம் அடியேனும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

அதற்கு விடையாக ஆரணியின் நெசவுத் தெரு ஒன்றில் நடந்து பார்க்க வேண்டுகிறேன். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூரின் பட்டுச் சேலை, கனம் குறைந்து உடுத்த இலகுவாக இருப்பதால் பெயர்பெற்றது. கர்நாடகத்துப் பட்டும் சூரத்து ஜரிகையும் இங்கு வந்து சேர்ந்து சேலையாகி, நாடெங்கும் மணமேடை ஏறுகின்றன. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு ஒருவர் நெய்கிறார் எனின், அவருக்குப் பின்னே ஒரு குடும்பமே உழைக்கிறது. இழை பிரிக்கவும், தார் சுற்றவும், பாவு நீட்டவும், அறுந்த இழையை முடியவும் கை வேண்டும். சேலை அறுத்துக் கொடுத்தாலன்றிக் கூலி கைக்கு வராது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். பாவுக்கும் பட்டுக்கும் முதலாளியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ எதிர்பார்த்திருக்கும் நாட்களும் உண்டு. இத்தெருவில் சோம்பேறியைத் தேடிக் களைத்துப் போவோம்.

பள்ளி நடக்கும் நாளில் இரு பிள்ளைகளின் நண்பகல் உணவு அங்கேயே முடிகிறது. பள்ளி மூடியதும் அவ்விருவரும் நண்பகலில் வீட்டில் இருக்கின்றனர். தாய் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு உலை வைக்கவேண்டும். அல்லது காலையில் ஊற்றிய பழைய சோற்றையே நண்பகலுக்கும் பங்கிடவேண்டும். இதில் பெற்றோரின் அன்பு எங்கும் குறையவில்லை. அவர்களுக்கு எட்டுவது அவ்வளவே.

உணவைக் காட்டிலும் சிக்கலான வினா ஒன்று இத்தெருவில் உண்டு. விடுமுறையில் பிள்ளை தறியில் உட்காரலாமா?

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நாடாவால் நெய்யப்படும். ஒருவர் கை எல்லாப் பக்கமும் எட்டாது. கரை நாடாவை வாங்கித் தர ஓரத்தில் துணைக்கை ஒன்று வேண்டும். பட்டு நெசவில் நெடுங்காலம் அந்தத் துணைக்கை சிறுவனுடையதாகவே இருந்தது. அதை முழுத் தீமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட அடியேனால் இயலவில்லை. தந்தை அருகில் அமர்ந்து கைத்தொழில் பயிலும் பிள்ளைக்கு, புத்தகம் தராத ஓர் அறிவு கிட்டுகிறது. இழையின் இறுக்கத்தை விரல் நுனியால் அறிதல் எளிதில் வாய்ப்பதன்று. அத்தகையோர் இல்லையெனில் பெருமாளுக்குச் சாற்றும் பட்டுப் பரிவட்டமும் இல்லை.

சட்டமும் இவ்வினாவில் தடுமாறியே வந்திருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-லேயே ஒரு சட்டம் தடுத்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் முதலிய இடங்களின் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த சிறாரின் நிலையை உலகறியச் செய்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், பதினான்கு வயது நிறையாதோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறிவிட்டு, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. கவனித்தீர்களா? உணவு தரும் சட்டம் விடுமுறையன்று கதவைச் சாத்துகிறது. வேலையைத் தடுக்கும் சட்டம் அதே விடுமுறையன்று கதவைத் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் ஒரே பிள்ளை.

அடியேன் ஆசிரியனாகப் பணியாற்றிய நாட்களில் நிகழ்ந்த ஒன்று. எட்டாம் வகுப்புக்கு வரவேண்டிய மாணவன் ஒருவன், சூனில் பள்ளி திறந்து இரு வாரமாகியும் வரவில்லை. கணக்கில் கூர்மையானவன். வீட்டைத் தேடிப் போனேன். தந்தை தறிக்குழியிலிருந்து எழுந்து நின்றார். “வாங்க சார், உட்காருங்க” என்று பாயை விரித்தார். பையன் எங்கே என்றேன்.

“லீவுக்குத்தான் சார் ஒரு இடத்துல உட்கார வெச்சேன். கை நல்லா வந்துடுச்சு. பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அவங்ககிட்டயே முன்பணம் வாங்கிட்டேன். அதைக் கழிக்காம எப்படி சார் அனுப்புவாங்க?”

அவர் குரலில் கள்ளம் இல்லை, வெட்கம் இருந்தது. அவரிடம் கடிந்துபேச எனக்கு வாய் வரவில்லை. ஏப்ரல் மாதக் கடைசி நாளில் அந்தப் பையனிடம் நான் சொன்னது என்ன? பத்துப் பக்கம் கையெழுத்து எழுதிவா, வெயிலில் அலையாதே, நன்றாக ஓய்வெடு என்றேன். பிறகு என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டேன். நாற்பது நாட்கள் நண்பகலில் அவன் எங்கே உண்பான் என்பது என் நினைவிலும் எழவில்லை. அவன் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் பேருந்து நிலையத்தில் கண்டான், வணங்கினான், நலம் கேட்டான். அவன் கேட்ட நலத்திற்கு விடை சொல்ல எனக்குத்தான் நாக்கு எழவில்லை.

தொழில் பயிலல் எங்கே முடிகிறது, தொழிலில் கட்டுண்ணல் எங்கே தொடங்குகிறது என்று அன்றிலிருந்து பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேலையின் கடுமையை மட்டும் வைத்து இதனை அளக்க முடியாது. பிள்ளை நினைத்தபோது எழுந்து விளையாடப் போக இயலுமா என்பதே அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பனுக்கு அருகில் அமர்ந்து, சலித்தால் ஓடிவிடும் பிள்ளை பயில்கிறான். அவன் எழுந்தால் ஒரு கடன் அசையும் எனின், அங்கே பயிற்சி இல்லை. அந்தக் கடன் வீட்டுக்குள் நுழைவதற்கு ஏற்ற பருவம் கோடை விடுமுறைதான். பையன் சும்மாதானே இருக்கிறான் என்ற ஒரு சொல் அதற்குப் போதும்.

கல்வியும் இக்காலத்தில் தேய்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் செல்வப் பிள்ளையும் ஏறத்தாழ ஒத்த அளவில் முன்னேறினர் என்றும், கோடை மாதங்களிலேயே இடைவெளி விரிந்தது என்றும் அவர்கள் கண்டனர். பின்வந்தோர் சிலர் அவ்வளவீட்டு முறையை ஐயுற்றதும் உண்டு. சூன் மாதத்தில் கரும்பலகை முன் நின்று பழகிய எந்த ஆசிரியரும் அவ்வாதத்தில் நெடுநேரம் நிற்கமாட்டார். வகுத்தலை ஏப்ரலில் செய்தவன் சூனில் விழிப்பதை அவர் கண்ணால் கண்டவர்.

இனி, கொடுப்பது எவ்வாறு என்பதையும் எண்ணவேண்டும். இவ்விடத்தில் நம் சம்பிரதாயம் உலகிற்குச் சொல்லத்தக்க ஒன்றை வைத்திருக்கிறது. திருமங்கையாழ்வாரின் சரிதத்தைக் குருபரம்பரை நூல்கள் கூறுமிடத்தில், குமுதவல்லி நாச்சியார் அவரை மணக்க விதித்த நிபந்தனை வருகிறது: நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியார்க்கு ஓராண்டு காலம் அமுது செய்விக்கவேண்டும். ஓராண்டு என்றால் ஓராண்டுதான். அதில் விடுமுறை நாட்கள் நீங்கலாக என்ற சொல் இல்லை. அவ்வாறு உணவிடலுக்கு வைணவர் இட்ட பெயர் ததீயாராதனம். அடியார்க்குச் செய்யும் ஆராதனம் என்பது பொருள். இடுபவன் உயர்ந்தோன், உண்பவன் தாழ்ந்தோன் என்னும் எண்ணத்திற்கு அச்சொல்லில் இடமே இல்லை. உண்பவரே ஆராதிக்கப்பெறுபவர், இடுபவர் அவர் உண்டது போக எஞ்சியதைப் பெறுபவர்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நாம் செய்யும் தருமங்கள் பல வெட்கம் தருவன. மேடை போட்டு, பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, நான்கு நோட்டுப் புத்தகம் தந்து, படம் எடுத்துக்கொள்கிறோம். அந்நோட்டின் அட்டையிலும் தந்தவர் படமே சிரிக்கிறது. பிள்ளை ஆண்டு முழுவதும் அம்முகத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடவேண்டும். மறுநாள் அதே பிள்ளை என்ன உண்டான் என்று கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

ஆலயங்கள் இப்பணியை முன்பு செய்யாமலில்லை. ஆரணியைத் தொட்டுச் செல்லும் ஆற்றின் நீர் செய்யாற்றோடு கலந்து, அது பாலாற்றைச் சேரும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் திருப்பதி உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கல்விச்சாலையும், மாணவர் தங்கி உண்ண விடுதியும், ஆதுலர் சாலையும் அக்கோயிலைச் சார்ந்து நடந்தமையை அது விரிவாகக் கூறுகிறது. மாணவர்க்கு உணவு மட்டுமன்றி, இரவு விளக்கெரிக்கவும் சனிக்கிழமை நீராடவும் எண்ணெய்க்கு வகை செய்திருந்தனர். பாடத்தோடு தொடர்பே இல்லாத சனிக்கிழமை நீராட்டையும் அவர்கள் எண்ணியது என் நெஞ்சைத் தொடுகிறது. அன்று அப்பந்தியில் அமர்ந்தவர் மறையோர் மக்களே என்பதையும் மறைக்கலாகாது. தறிக்காரர் மகனுக்கு அவ்வாயில் திறந்திருக்கவில்லை. முன்னோர் செய்ததைப் பாராட்டும்போது, அவர்கள் செய்யாது விட்டதை நாம் செய்வதற்குத் தடையேதும் இல்லை.

இன்று தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் 2002 முதல் நண்பகல் அன்னதானம் நடைபெற்று வருகிறது. அது ஆண்டு முழுவதும் நடப்பது. பள்ளி மூடிய நாட்களில் அப்பந்தியில் பிள்ளைகளுக்கு முதலிடம் தருவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஊரார் சிலர் ஓர் அர்ச்சகரையும் ஓர் அதிகாரியையும் கண்டு பேசினால் போதும். உண்டபின் அவர்களை உடனே வெயிலுக்குத் துரத்தாமல், மண்டபத்து நிழலில் இரண்டு மணி நேரம் இருக்க விடலாம். கல்லூரி விடுமுறையில் வீட்டிலிருக்கும் அண்ணன்களும் அக்காள்களும் வாய்ப்பாடு கேட்கலாம், கதை படித்துக் காட்டலாம். முதிய நெசவாளர் ஒருவர் வந்து இழை முடிவதைக் கற்பித்தாலும் நன்றே. அங்கே கூலியும் இல்லை, முன்பணமும் இல்லை. விரும்பிய பிள்ளை கற்பான், சலித்தவன் எழுந்து போவான்.

வைகாசித் திருவிழா நடப்பது இக்கோடை விடுமுறையில்தான். எங்கள் ஊர்க் கோயிலில் சென்ற ஆண்டு பத்து நாட்களும் பிள்ளைகள் வயிறார உண்டனர். கொடி இறங்கி விடாயாற்றி உற்சவமும் முடிந்த மறுநாள், உச்சிவேளையில் திருமடைப்பள்ளி வாயிலில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, தட்டோடு நின்றாள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“தாத்தா, இன்னிக்கு இல்லையா?” என்றாள்.

தளிகை செய்யும் சுவாமி என்னைப் பார்த்தார். அன்று பெருமாள் அமுது செய்த பிரசாதத்தை அவ்விருவருக்கும் இட்டோம். அவர்கள் உண்டுகொண்டிருக்கையில் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சிறு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, பெரிய பிள்ளைக்கு நூற்றைம்பது என்பது பள்ளிச் சத்துணவின் அளவு. நாற்பது பிள்ளைகள் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஐந்து கிலோ. பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அறுபது கிலோ, களம்பூர் அரிசியில் இரண்டு மூட்டை, மேலும் சில படி. திருவிழாவில் ஒரே நாள் கதம்பத்திற்கு அதைவிட அதிகம் ஆகியிருந்தது.

“நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வா. தெருவிலே இருக்கிற பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா” என்றார் தளிகை சுவாமி.